அவருக்குப் பிறகு பள்ளிக்கூடக் கமிற்றியில்

என் கணவர் மூன்றாம் முறையாகப் பள்ளிக்கூடக் கமிற்றிக்கு வென்ற அதே மாதம் காய்ச்சலில் இறந்துபோனார். வென்றதற்காக வாசலில் கட்டிய தோரணத்தை ஒருவரும் அவிழ்க்கவில்லை. அது காய்ந்து தொங்கிக்கொண்டிருக்க, அதன் கீழாகத்தான் சவப்பெட்டியைச் சேமக்காலைக்குக் கொண்டுபோனார்கள். தோரணத்தின் ஒரு நுனி பெட்டியில் உரசியதும், முன்னால் போன ஒருவர் அதைக் கையால் ஒதுக்கிவிட்டதும் நினைவிருக்கின்றன. வேறு அதிகம் நினைவில்லை.

நான் அழவில்லை. அழக்கூடாது என்று இருந்ததல்ல, வரவில்லை. என்னோடு ஒரே வீட்டில் இருந்த மச்சாள், அவருடைய தங்கை, எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து அழுதாள். வந்த பெண்கள் என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாவம், விறைச்சுப்போய் இருக்கிறாள்" என்று தங்களுக்குள் சொன்னார்கள். எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். குடித்தேன். சீனி போட்டிருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்தக் கமிற்றியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது வெள்ளைக்காரர் ஆண்ட காலம். பெண்களுக்கும் வாக்கு என்று வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தீவிலும் எதிர்க்கரையிலும் இருந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொள்வதற்கு ஊருக்கு ஒருவராகத் தெரிந்தெடுத்து அனுப்புவோம். வாத்தியார் நேரத்துக்கு வருகிறாரா, கிடுகுக் கூரை ஒழுகுகிறதா, உட்காருகிற வாங்கு உடைந்திருக்கிறதா என்பவைதான் அவர்களுடைய வேலை. பெரிய அதிகாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தை வைத்திருப்பதா மூடுவதா என்று அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இருந்த ஏசண்டுத் துரைக்குச் சொல்வது அவர்கள்தான். அவர்கள் சொன்னதைத் துரை பெரும்பாலும் தட்டுவதில்லை.

என் கணவர் கருவாட்டு வியாபாரி. எங்கள் கரையில் காய்ந்த கருவாட்டை ரயிலில் கொழும்புக்கு அனுப்புவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை இல்லாத மனிதன் பள்ளிக்கூடத்துக்காக ஏன் இப்படி அலைகிறான் என்று ஊரில் கேட்டிருக்கிறார்கள். சாப்பிடும்போதும் அவருக்குப் பள்ளிக்கூடக் கதைதான். வாடைக்காற்று தொடங்கினால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் போகிறார்களே, அதற்கு என்ன செய்யலாம், இன்ன வாத்தியார் நல்லவர், இன்னவர் தூங்குகிறார். நான் கேட்டுக்கொண்டு மீன் முள் எடுப்பேன். பாதி காதில் ஏறும்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அடுத்த கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் எங்கள் வேதக்கோயில் குருவான சுவாமி. மற்றவர் எருக்கலம்பிட்டியில் கடை வைத்திருந்த வியாபாரி. அவரும் கமிற்றியில் இருந்தவர், என் கணவரோடு எல்லாக் கூட்டத்துக்கும் ஒரே வண்டியில் போய் வந்தவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

நானா கதிரையில் உட்காராமலே கதைத்தார்.

"தங்கச்சி, நான் சுத்தி வளைச்சுப் பேசல்ல. அவர்ட இடத்துக்குத் திரும்ப எலெக்சன் வைக்கப் போறாங்க. நொத்தாரிசு கேக்கிறார். அவர் வந்தா ஒங்கட பள்ளிக்கூடத்தை டவுன் பள்ளிக்கூடத்தோட சேத்துப்போடுவார். அவருக்கு எதிரா நீங்க எலெக்சன் கேக்கணும்."

"நானோ?"

சுவாமி மெதுவாகச் சொன்னார். "சட்டத்தில இடம் இருக்குது, பிள்ளை. நான் விசாரிச்சனான். பொம்பிளையள் கேக்கலாம். ஆக்களுக்கு உன்ர மனுசனில நல்ல விருப்பம். உனக்குப் போடுவினம்."

மச்சாள் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "துக்க வீட்டில வந்து என்ன கதை இது, சுவாமி" என்றாள்.

நான் சரி என்றேன். ஏன் சொன்னேன் என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள், காரணம் சொல்லவேண்டும், அதற்கு அவர்கள் மறுகாரணம் சொல்வார்கள். சரி என்றால் போய்விடுவார்கள். அவ்வளவுதான் அப்போது நினைத்தேன். ஆனால் அந்த ஒரு சொல் ஊரில் வேறு மாதிரிப் பரவியது. புருஷன் செத்து ஒரு மாதம், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அவருடைய வேலையைத் தலையில் எடுத்துவிட்டாள், என்ன நெஞ்சுரம் என்றார்கள். வேறு சிலர் என்ன பெண் இவள் என்றார்கள். இரண்டும் என் காதுக்கு வந்தன. இரண்டும் வேறு யாரையோ பற்றியவை போல இருந்தன.

நொத்தாரிசு கெட்ட மனிதர் அல்ல. காணி உறுதி எழுதுகிறவர், வெள்ளை உடுப்பு, நன்றாகப் பேசுவார். அவருக்கும் எனக்கும்தான் போட்டி. அந்தக் காலத்தில் வாக்குப் போடுவது பெட்டியில். கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பெட்டி. எழுத்துத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்து வாக்குத் துண்டைப் போட்டுவிடலாம். என் கணவருக்கு மூன்று முறையும் பச்சை விழுந்திருந்தது. ஊரில் பச்சை என்றால் அவர்தான்.

நிறத்துக்குச் சீட்டு எடுக்கக் கச்சேரிக்குப் போனோம். முதலில் எடுத்தவர் நொத்தாரிசு. அவருக்குப் பச்சை வந்தது. எனக்கு மஞ்சள். நானா தலையில் கை வைத்துக்கொண்டார். நொத்தாரிசுவுக்கே ஒரு மாதிரி இருந்திருக்கவேண்டும். சீட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "இது நான் கேட்டு எடுத்ததில்லை, அக்கா" என்றார். நான் தெரியும் என்றேன்.

அதன் பிறகு எங்கள் ஆட்கள் வீடு வீடாகப் போய்ச் சொன்னதெல்லாம் ஒரே விஷயம்: இந்த முறை பச்சை இல்லை, மஞ்சள். பள்ளிக்கூடம், வாத்தியார், கூரை, ஒன்றையும் பற்றிப் பேச நேரமில்லை. மச்சாள் தன்னிடம் இருந்த மஞ்சள் சேலையைக் கிழித்துத் துண்டு துண்டாக வேலிகளில் கட்டினாள். என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் கறுப்புச் சேலையோடு இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறுவேன். பேசச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. பேசாமல் இருப்பதே நல்லது என்று நானா நினைத்தார் போலிருக்கிறது. எருக்கலம்பிட்டிக்கு அப்பால் எங்கள் தொகுதியைச் சேர்ந்த சில முஸ்லிம் வீடுகளில் பெண்கள் என்னை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அந்த வீடுகளில் இருந்தது சுகமாக இருந்தது. எழுந்து வர மனமில்லாமல் இருந்தேன்.

வாக்குப் போடுகிற அன்று பள்ளிக்கூட வாசலில் ஒரு கிழவி என் இரண்டு கைகளையும் பிடித்தாள். கண்பார்வை குறைந்தவள், கோயிலுக்கு மட்டும்தான் வெளியே வருவாள்.

"பிள்ளை, நான் உன்ர மனுசனுக்குத்தான் போட்டனான். பச்சையில. பத்திரமாப் போட்டுட்டு வாறன்."

"நல்லது, ஆச்சி" என்றேன்.

பக்கத்தில் நின்ற மச்சாள் என்னைக் கிள்ளினாள். கிழவியைத் திருத்தி என்ன ஆகப்போகிறது? துண்டு பெட்டிக்குள் போய்விட்டது. எத்தனையோ பேர் அப்படிப் போட்டிருப்பார்கள். என் கணவருக்கு விழுந்த வாக்குகள் எனக்கு எதிராக எண்ணப்பட்டன. இருந்தாலும் கொஞ்ச வித்தியாசத்தில் நான் வென்றேன். பட்டாசு கொளுத்தினார்கள். திரும்பவும் ஒரு தோரணம் கட்டினார்கள். எனக்குக் கால் வலித்தது.

கூட்டங்கள் டவுனில், உப்புக்குளத்துப் பக்கமாக ஒரு பழைய ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில் நடக்கும். நீளமான மேசை, சுற்றிக் கதிரைகள். தலைவர் வயதான உடையார் ஒருவர். காது கொஞ்சம் மந்தம், ஆனால் நியாயமானவர். முதல் நாள் நான் உள்ளே போனதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்க, நானா ஒரு கதிரையை இழுத்துவிட்டார். அது என் கணவர் இருந்த இடம் என்று சொன்னார். உட்கார்ந்தேன். முதுகுப் பக்கம் ஜன்னல். பிடரியில் வெயில் பட்டது. இந்த வெயிலிலா ஒவ்வொரு மாதமும் இருந்தார் என்று மட்டும் நினைத்தேன்.

ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியில் தலைவர் என் பக்கம் திரும்பிக் கேட்பார். "அம்மாவுக்கு ஏதும் சொல்ல இருக்கோ?"

"இல்லை, ஐயா."

பல மாதங்கள் இப்படிப் போயின. கை தூக்கவேண்டிய இடத்தில் நானாவைப் பார்த்துத் தூக்கினேன். வண்டியில் வரும்போது நானா ஏதாவது கதை கொடுத்துப் பார்ப்பார், நான் ஓம் ஓம் என்பேன். வீட்டில் மச்சாள் என்ன நடந்தது என்று கேட்பாள். கூரை பற்றிக் கதைத்தார்கள் என்பேன். எந்தக் கூரை என்று கேட்டால் தெரியாது.

பிறகு எங்கள் பள்ளிக்கூடத்தின் கதை வந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்வையிட வருகிற இன்ஸ்பெக்டர் அன்றைக்குக் கூட்டத்துக்கே வந்திருந்தார். வாடைக்காற்று மாதங்களில் தான் போனபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிள்ளைகளும்தான் இருந்தார்கள் என்றார். மீன்பிடிக்கிற சனத்துக்குப் படிப்பில் அக்கறை இல்லை, இந்தப் பள்ளிக்கூடத்தை வைத்திருப்பது வீண், மூடிவிட்டு மிச்சப் பிள்ளைகளை டவுனுக்கு அனுப்பலாம் என்றார். தலைவர் எல்லாருடைய முகத்தையும் பார்த்துவிட்டு, வழக்கம்போல என்னிடம் வந்தார்.

"அம்மாவுக்கு ஏதும் சொல்ல இருக்கோ?"

"ஓம்" என்றேன்.

எனக்கே அது பழக்கமில்லாத சத்தமாக இருந்தது. கோபம் வந்ததென்று நானா பிறகு எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார். கோபம் இல்லை. பிழையாக ஒன்று சொன்னார், சரியானது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

"அவையளுக்கு அக்கறை இல்லாமல் இல்லை, ஐயா. அவையள் அங்க இல்லை. வாடை தொடங்கினால் எங்கட பக்கக் கடலில வள்ளம் இறக்க ஏலாது. சனம் எல்லாம் குடும்பத்தோட எதிர்க்கரையில அரிப்புப் பக்கம் போய் வாடி போட்டு இருக்கும். காத்து மாறினாப் பிறகுதான் திரும்பி வரும். பிள்ளையளைத் தனிய விட்டிட்டுப் போகேலுமோ? நானும் சின்னனில அப்பிடித்தான் போனனான். அதாலதான் எனக்குப் படிப்பு நிண்டது."

வாடி என்றால் பருவத்துக்குப் போடுகிற கொட்டில்கள் என்று நானா இன்ஸ்பெக்டருக்கு விளங்கப்படுத்தினார்.

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீங்கள்?" என்று தலைவர் கேட்டார்.

"பிள்ளையள் இல்லாத பள்ளிக்கூடத்தில வாத்தியார் இருந்து என்ன செய்யிறார்? அவரையும் அரிப்புக்கு அனுப்புங்கோ. ஒரு கொட்டில் இருந்தால் காணும். சனமே போட்டுத் தரும்."

மேசையின் அந்தப் பக்கம் இருந்த ஒருவர் சிரித்தார். "வாத்தியாரையும் வலை இழுக்கச் சொல்லுவியளோ?"

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிப்பு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கம் வரவில்லை. வேறு ஒரு காலத்தில் என்றால் அழுதுகொண்டு எழுந்து போயிருப்பேன். சாப்பாட்டு வேளைகளில் பாதிக் காதில் கேட்ட கதைகள் அவ்வளவும் எங்கேயோ உள்ளே இருந்திருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக வந்தன. எந்த வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள், எந்த இடத்தில் நல்ல தண்ணீர் இருக்கிறது, வாத்தியார் எங்கே தங்கலாம், எல்லாம் சொன்னேன். வாக்கெடுத்தபோது பாதிக்குப் பாதி வந்தது. தலைவர் தன் வாக்கை எங்கள் பக்கம் போட்டார்.

"ஒரு பருவத்துக்குப் பாப்பம்" என்றார்.

அடுத்த நாள் காலை வாத்தியார் என் வீட்டுக்கு வந்துவிட்டார். மெலிந்த மனிதர், எப்போதும் இருமல். முற்றத்தில் நின்று, "அம்மா, நான் உங்களுக்கு என்ன பாவம் செய்தனான்? இந்த வயசில என்னைக் கொண்டுபோய்க் கருவாட்டுக்குள்ள இருத்தப் பாக்கிறியளே" என்றார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். வாடைக்கு அரிப்புக்கும் போனார்.

அந்தக் கொட்டிலைப் பார்க்க ஒருமுறை நானாவோடு போனேன். மீன் காயவைத்த பந்தல்களுக்கு அப்பால், பனை ஓலையால் வேய்ந்து போட்டிருந்தார்கள். பிள்ளைகள் மணலில் இருந்து பாட்டாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாய்மார் மீன் வெட்டிக்கொண்டே தலையை நிமிர்த்திப் பார்த்தார்கள். வாத்தியார் என்னைக் கண்டதும் ஓடிவந்து, "அம்மா, என்ர இருமல் விட்டிட்டுது. இங்கத்தைக் காத்து நல்லது போல" என்றார். ஊரில் வராத பிள்ளைகள்கூட இங்கே வருகிறார்களாம். நானா வண்டியில் ஏறும்வரை பேசிக்கொண்டே வந்தார், கண்ணைத் துடைத்தார். "அவர் இருந்து பாத்திருக்கணும், தங்கச்சி." அவர் இருந்திருந்தால் அந்த மணலில் துள்ளியிருப்பார் என்று எனக்கும் தெரிந்தது. தெரிந்ததே தவிர நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. வரும் வழியில் நான் தூங்கிவிட்டேன்.

அடுத்த தேர்தல் வந்தபோது நான் திரும்பவும் கேட்டேன். இந்த முறையும் மாட்டேன் என்று சொல்லச் சோம்பல்தான், ஆனால் கொட்டிலும் ஒரு காரணம். நொத்தாரிசும் கேட்டார். தேர்தல் நாள் வாடை மாதத்தில் விழுந்தது. எனக்கு வாக்குப் போடக்கூடிய சனம் அவ்வளவும் அரிப்பில். வாக்குப் போடுகிற இடமோ எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். கச்சேரிக்குப் போய் நாளைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். அங்கிருந்த எழுதுவினைஞர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"எல்லா ஊருக்கும் ஒரே நாள், அம்மா. உங்கட ஆக்களை வரச் சொல்லுங்கோ."

நானா எங்கேயோ ஒரு லொறி பிடித்து அரிப்புக்கு அனுப்பினார். அன்றைக்கென்று மழை. வழியெல்லாம் தண்ணீர். லொறி பின்னேரம்தான் வந்து சேர்ந்தது, அதிலும் பாதி இடம் காலி. வள்ளத்தை விட்டுவிட்டு ஒரு நாள் உழைப்பை யார் விடுவார்கள்? நானே ஒரு கருவாட்டு வியாபாரியின் மனைவி, எனக்கு அது விளங்கும்.

பள்ளிக்கூடத்துக்குள் விளக்கு வைத்து எண்ணினார்கள். நான் வாங்கு ஒன்றில் இருந்தேன். என் பெட்டி சீக்கிரம் முடிந்துவிட்டது. நொத்தாரிசுவின் பெட்டியை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். தோற்றுவிட்டேன் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அப்போது, எதற்கென்று தெரியாமல், இனி நான் அந்த ஜன்னல் பக்கத்துக் கதிரைக்குப் போகவேண்டியதில்லை என்று நினைத்தேன். இனி அவருடைய வேலை என்று செய்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. அவர் செத்துப்போய்விட்டார்.

அழுதேன். மெதுவாக அல்ல. எண்ணுகிறவர்கள் கையை நிறுத்தும் அளவுக்குச் சத்தம் போட்டு அழுதேன். மச்சாள் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். நானா, "எலெக்சன் எண்டா இப்பிடித்தான் தங்கச்சி, மனச விட்டுறாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் நொத்தாரிசு ஒரு சோடாவை உடைத்துக் கொண்டுவந்து என் முன்னால் நின்றார். வென்றவருடைய முகம் அது இல்லை.

"அக்கா, ஒரு கதிரைக்கு இப்பிடி அழலாமோ? அடுத்த முறை நீங்கள் வெல்லுவியள். நான் வேணுமெண்டால் கேக்காமல் விடுறன்."

நான் சோடாவை வாங்கினேன். மூக்கில் ஏறியது. தோற்றதற்காக அழவில்லை என்று அவருக்குச் சொல்லவேண்டும்போல் இருந்தது. அந்த இடத்தில் இருந்த ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. பதவி ஆசை பிடித்தவள் என்று ஊர் கொஞ்ச காலம் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு பல மாதங்கள் தொட்டதற்கெல்லாம் அழுதேன். கோயில் மணி அடித்தால், அவருடைய செருப்பு அலுமாரிக்குக் கீழே அகப்பட்டால், கறிக்கு உப்புக் கூடினால். மச்சாள் பயந்துபோய்ச் சுவாமியிடம் தீர்த்தம் வாங்கிவந்து வீடெல்லாம் தெளித்தாள். சுவாமி மட்டும், "விடு, அழட்டும்" என்றாராம்.

நொத்தாரிசு கொட்டிலை மூடிவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அடுத்த வாடை தொடங்குவதற்கு முன் ஒரு நாள் பின்னேரம் அவர் குடையோடு என் வீட்டுக்கு வந்தார். வந்த விஷயத்தைச் சொல்ல நேரமெடுத்தார்.

"அக்கா, அரிப்பில வாத்தியாருக்குப் படுக்க இடம் ஆர் குடுக்கிறது? எனக்கு அந்தப் பக்கத்துச் சனத்தைத் தெரியாது."

"ஏன், நீங்கள் வைக்கப் போறியளோ?"

"வேற என்ன செய்ய? தாய்மார் என்னை விடுகினமில்லை. போற இடமெல்லாம் அதைத்தான் கேக்கினம்."

எந்த வீட்டில் கேட்கவேண்டும், யாரிடம் கிடுகு வாங்கவேண்டும் என்று சொன்னேன். அவர் நினைவில் வைப்பதற்காகத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ஒரு பேரைப் பிழையாகச் சொன்னார், திருத்தினேன். மச்சாள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, மழைக்கு முன் போகவேண்டும் என்று எழுந்தார்.

அந்த முறை கொட்டில் முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது என்று கேள்விப்பட்டேன். திறக்கிற அன்று அவர் பேசினாராம். என் கணவரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னாராம், என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். நானாவுக்கு அதில் சரியான கோபம். அடுத்த தேர்தலுக்கு நீங்கள் கேட்டே ஆகவேண்டும் என்று அவருடைய கடைக்கு நான் போகும்போதெல்லாம் சொல்வார். நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடையில் அடுக்கியிருந்த கருவாட்டுச் சிப்பங்களைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.